தெர்மாமீட்டர் நகராத நேரம்: காத்திருக்கும் காலத்துக்கு ஒரு வாசிப்புப் பாடம்



முதல்ல ஒரு தெர்மோ கேள்வி. ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரைக்கும் சூடாக்க சுமார் 420 கிலோஜூல் வேணும். அதே தண்ணீரை 100 டிகிரியிலேயே வெச்சு முழுசா நீராவியா மாத்த எவ்வளவு வேணும்? சுமார் 2257 கிலோஜூல். அஞ்சு மடங்குக்கும் மேல! ஆனா அந்த நேரம் முழுக்க தெர்மாமீட்டர் 100-லேயே நிக்கும். அடுப்பு எரியுது, எனர்ஜி உள்ளே போகுது, மீட்டர்ல மட்டும் ஒண்ணும் தெரியாது.

தமிழ் மீடியத்துல படிச்சவங்களுக்கு இது "உள்ளுறை வெப்பம்". நான் பன்னிரண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியம். லேட்டன்ட் ஹீட்னு மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிட்டுப் போயிட்டேன். அந்தத் தமிழ் வார்த்தை போன மாசம்தான் எனக்குத் தெரிஞ்சுது. உள்ளே உறைந்து இருக்கிற வெப்பம். இப்ப நான் இருக்கிற நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமா ஒரு வார்த்தை கிடைக்காதுன்னு தோணுச்சு.

நான் ஃபைனல் இயர், எட்டாவது செமஸ்டர். கையில ஆஃபர் லெட்டர் இருக்கு. ஜாயினிங் தேதி இருக்க வேண்டிய இடத்துல "பின்னர் தெரிவிக்கப்படும்"னு இருக்கு. போன வருஷம் இதே மாதிரி லெட்டர் வாங்கின ஒரு சீனியர் அக்கா பத்து மாசம் வீட்டுல இருந்தாங்க. என் பேர்ல கல்விக் கடன் இருக்கு. பொதுவா படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் தவணை கட்ட வேண்டியதில்லை. பேங்க் பாஷையில அதுக்குப் பேர் மொரட்டோரியம். ஆனா வட்டி அந்த ஒரு வருஷமும் சும்மா இருக்காது, ஓடிக்கிட்டேதான் இருக்கும். தேதி வராமலே அந்த வருஷம் முடிஞ்சுட்டா, தவணை அப்பாவோட தறிக் கூலியிலிருந்துதான் போகணும்.

இதெல்லாம் பக்கத்து வீட்டு அத்தைக்குத் தெரியாது. லீவுக்கு வீட்டுக்குப் போனா கேட் திறக்கிறதுக்குள்ள கேப்பாங்க: "ஏங்கண்ணு, எப்ப வேலைக்குப் போற?"

பதில் இல்லாத அந்த எரிச்சல்லதான் நான் லைப்ரரியில் இடைக்காலம் பற்றிய புத்தகங்களைத் தேட ஆரம்பிச்சேன். கதை வேண்டாம், தன்னம்பிக்கைப் பேச்சும் வேண்டாம். ஒண்ணு முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்காம நடுவுல நின்னவங்களை யாராவது உட்கார்ந்து கவனிச்சு எழுதியிருக்காங்களான்னு பார்க்கணும். எழுதியிருக்காங்க. அதுல அஞ்சு பேர் வேலையைத்தான் இந்தக் கட்டுரையில் சேர்ந்து படிக்கப் போறோம். படிச்சு முடிச்சதும் உங்களுக்கு ஒரு சின்ன ஹோம்வொர்க்கும் உண்டு.

1. நிலைப்படி

உங்க வீட்டுல பாட்டி இருந்தா இது தெரிஞ்சிருக்கும். வாசப்படியில உட்காரக் கூடாது. நிலைப்படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்னு பொருள் கொடுக்கல் வாங்கல் கூடாது. "உள்ள வா, இல்ல வெளிய போ, நடுவுல நிக்காத." இரணியன் கதையையும் யோசிங்க. உள்ளேயும் இல்லாம வெளியேயும் இல்லாம வாசப்படியில, பகலும் இல்லாம இரவும் இல்லாம அந்தி நேரத்துல. நடுவுல இருக்கிற இடத்துக்கு ஒரு தனிச் சக்தியும் ஒரு பயமும் உண்டுன்னு நம்ம ஆளுங்களுக்கு ரொம்ப நாளாவே தெரியும்.

இதைப் பல சமூகங்கள்ல பார்த்து ஒரு வடிவமா எழுதினவர் ஆர்னல்ட் வான் கெனப். 1909-ல் பிரெஞ்சு மொழியில் வந்தது அவருடைய புத்தகம். பிறப்பு, பூப்பு, கல்யாணம், சாவு என எந்தச் சடங்கை எடுத்தாலும் அதில் மூணு கட்டம் இருக்கு என்கிறார். முதல்ல பழைய இடத்திலிருந்து பிரிவு. அப்புறம் நடுக்கட்டம். கடைசியா புது இடத்தில் சேர்தல். நடுக்கட்டத்துக்கு அவர் வெச்ச பெயர் லத்தீன் வார்த்தையான "லிமென்" என்பதிலிருந்து வந்தது. அர்த்தம் என்ன தெரியுமா? நிலைப்படியேதான்! சமூகத்தை அவர் பல அறைகளும் நடைகளும் உள்ள ஒரு வீடு மாதிரி பார்க்கிறார். ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகணும்னா நடை வழியாத்தான் போகணும்.

இதே மூணு கட்டத்தை இன்றைய வாழ்க்கைக்குக் கொண்டு வந்தவர்களில் ஒருவர் வில்லியம் பிரிட்ஜஸ். அமெரிக்காவில் இலக்கியம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர். அந்த வேலையை விட்டுட்டு, 1980-ல் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வெளியே நடக்கிற மாற்றம் வேற, உள்ளே நாம அதைக் கடந்து போறது வேற என்று பிரிக்கிறார். கான்வகேஷன் ஒரே நாள்ல முடிஞ்சுடும். ஆனா "நான் ஸ்டூடன்ட்" என்கிற நினைப்பு மனசிலிருந்து போக மாசக்கணக்கு ஆகலாம். அதனால் கடப்பது எப்பவும் முடிவிலிருந்துதான் தொடங்குது என்கிறார். நாம என்ன பண்றோம்? புது ஆரம்பத்தைப் பத்தியே யோசிக்கிறோம். எது முடியுதுன்னு உட்கார்ந்து பார்க்கிறதே இல்லை.

2. விசாவுக்காகக் காத்திருந்தவர்

வான் கெனப்பின் புத்தகம் ஆங்கிலத்தில் வர 1960 வரைக்கும் ஆச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டவர் விக்டர் டர்னர் என்ற மானுடவியலாளர். ஆப்பிரிக்காவில், இன்றைய ஜாம்பியாவில், ந்தெம்பு மக்களோடு தங்கி 1950-களில் ஆய்வு செய்தவர்.

அவர் அந்தப் புத்தகத்தைப் படிச்ச சூழ்நிலைதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். வருஷம் 1963. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்துல வேலை கிடைச்சாச்சு. இங்கிலாந்தில் இருந்த வீட்டை வித்தாச்சு. ஆனா விசா வரலை. குடும்பத்தோட ஹேஸ்டிங்ஸ் என்ற கடலோர ஊர்ல தங்கிக் காத்திருந்தப்போ, அந்த ஊர் பொது நூலகத்தில்தான் வான் கெனப்பைப் படிச்சார். இதைப் பின்னாடி எழுதி வெச்சவங்க அவருடைய மனைவி ஈடித் டர்னர். அதாவது நிலைப்படியைப் பத்தின புத்தகத்தை நிலைப்படியில நின்னுக்கிட்டே படிச்சிருக்கார். ஆஃபர் இருக்கு, தேதி இல்லை. நம்ம கேஸ்தான்! அந்தக் காத்திருப்பிலிருந்து பிறந்த கட்டுரை 1964-ல் வந்தது. 1967-ல் அவருடைய புத்தகம் ஒன்றிலும் சேர்ந்தது.

ந்தெம்பு பையன்களுக்கு "முகாண்டா" என்ற சடங்கு உண்டு. அம்மாக்களிடமிருந்து பிரிச்சு, ஊருக்கு வெளியே காட்டில் ஒரு முகாமில் வெச்சிருப்பாங்க. அவங்க இனிமே சிறுவர்களும் இல்லை, இன்னும் ஆண்களும் இல்லை. அந்த நடுக்கட்டத்தில் யார் பிள்ளை, என்ன அந்தஸ்து என்பதெல்லாம் கழன்று போய் எல்லாரும் ஒரே மாதிரி ஆகிடுவாங்க. அப்போ அவர்களுக்குள்ளே உருவாகிற சமமான நெருக்கத்துக்கு டர்னர் "கம்யூனிடாஸ்" என்று பெயர் வெச்சார்.

இதைப் படிச்சதும் எனக்கு ஹாஸ்டல் ஞாபகம் வந்துச்சு. எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி காரிடார்ல ஒரே பாய்ல ஆறு பேர், ஒரே மேகி, ஒரே நோட்ஸ். அங்கே யார் பணக்காரி, யார் ஏழைன்னு தெரியாது. ஆனா இது நிலைக்காது, மறுபடி ஒழுங்கும் அந்தஸ்தும் வந்து உட்காரும் என்பதையும் டர்னர் சொல்றார். பிளேஸ்மென்ட் லிஸ்ட் ஒட்டின அன்னைக்கு அதே காரிடார்ல நான் அதையும் பார்த்தேன். சாயங்காலத்துக்குள்ள எல்லாரும் எத்தனை எல்பிஏ என்கிற நம்பரா மாறிட்டோம்.

ஒரு வித்தியாசத்தையும் இங்கே குறிச்சு வெச்சுக்கங்க. முகாண்டா முகாமில் கூடவே பெரியவங்க இருக்காங்க. எதுக்காக இங்கே இருக்கோம், அடுத்து எங்கே போவோம் என்பது எல்லாருக்கும் தெரியும். நமக்கு? மெயில் இன்பாக்ஸை ரெஃப்ரெஷ் பண்றது மட்டும்தான் சடங்கு.

3. மில் மூடின ஊர்

அடுத்த புத்தகம்தான் என்னை உண்மையிலேயே உலுக்கினது. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியந்தால் என்று ஒரு கிராமம். ஊரே ஒரு ஜவுளி மில்லை நம்பி இருந்தது. 1929-30-ல் அந்த மில் மூடிடுச்சு. 478 குடும்பங்கள்ல முக்கால்வாசிக் குடும்பங்களுக்கு வேலை போச்சு. மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகியோர் ஒரு குழுவோட போய் அந்த ஊரைக் கவனிச்சு, 1933-ல் புத்தகமா வெளியிட்டாங்க.

அவங்க கவனிச்ச விதம் ஒரு இன்ஜினியருக்குப் பிடிக்கும். ஒரு ஜன்னலுக்குப் பின்னாடி கடிகாரத்தோட நின்னு, தெருவில் போறவங்களோட நடை வேகத்தை அளந்தாங்க. வேலையில்லாத ஆண்கள் மெதுவா நடந்தாங்க, அடிக்கடி நின்னாங்க. அவசரமே இல்லை. பெண்கள் வேகமா நடந்தாங்க. ஏன்னா மில் மூடினாலும் அவங்களுக்குச் சமையலும் துணி துவைக்கிறதும் நிக்கலையே! ஆண்களைக் கூப்பிட்டு "நேத்து முழுக்க என்ன செஞ்சீங்க?"ன்னு மணி வாரியா எழுதச் சொன்னா, பாதி நாளுக்கு எழுத அவங்ககிட்ட ஒண்ணும் இல்லை.

நூலகக் கணக்கையும் எடுத்துப் பார்த்தாங்க. இப்பதான் நேரம் நிறைய இருக்கு, கட்டணமும் இல்லை, அதனால மக்கள் அதிகமா படிச்சிருப்பாங்கன்னு நாம நினைப்போம். நடந்தது நேர் எதிர். ரெண்டே வருஷத்துல புத்தகம் எடுக்கிறது கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சு போச்சு.

இந்த இடத்துல நான் புத்தகத்தை மூடி வெச்சுட்டேன். ஏன்னா "காலேஜ் முடிஞ்சதும் ஜாயினிங் வரைக்கும் நிறைய டைம் இருக்கும், பைதான் படிச்சிடலாம், கேட் எக்ஸாமுக்குத் தயாராகலாம், ஐம்பது புத்தகம் படிக்கலாம்"னு நானும் லிஸ்ட் போட்டு வெச்சிருந்தேன். உங்ககிட்டயும் அப்படி ஒரு லிஸ்ட் இருக்கும். மரியந்தால் சொல்றது இதுதான்: வெறும் நேரம் கையில கிடைச்சா மட்டும் போதாது. நேரத்துக்கு ஒரு எலும்புக்கூடு வேணும்.

மரி யஹோடா பிற்காலத்தில் இதை இன்னும் தெளிவாச் சொன்னாங்க. வேலை சம்பளத்தோட சேர்த்து வேற அஞ்சு விஷயங்களையும் நமக்குத் தெரியாமலே கொடுக்குது: நாளுக்கு ஒரு கால ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனுஷங்க, பலர் சேர்ந்து அடையும் ஒரு நோக்கம், சமூகத்தில் ஒரு இடம், கட்டாயமா கையை அசைக்க வேண்டிய ஒரு செயல். காலேஜும் இதே அஞ்சையும் நமக்குக் கொடுக்குதுன்னு கவனிச்சீங்களா? எட்டே முக்கால் மணி முதல் ஹவர், லேப் பேட்ச், பிராஜக்ட் டீம், ஐடி கார்டு, ரெக்கார்டு நோட். நாம திட்டித் தீர்க்கிற எல்லாமே அந்த லிஸ்ட்ல இருக்கு.

4. தேதியை நம்பினவர்

விக்டர் ஃபிராங்க்ல் பெயரை நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. வியன்னாவைச் சேர்ந்த மனநல மருத்துவர். யூதர் என்பதால் 1942-ல் நாஜி முகாம்களுக்குக் கொண்டு போகப்பட்டு, 1945 ஏப்ரலில் விடுதலையானவர். அந்த அனுபவத்தை 1946-ல் புத்தகமா வெளியிட்டார். அவர் பட்டதையும் நாம மெயிலுக்குக் காத்திருக்கிறதையும் ஒரே தட்டுல வைக்கவே கூடாது. அதை முதல்லயே சொல்லிடறேன். ஆனா எப்ப முடியும்னு தெரியாத நிலைமை மனசை என்ன செய்யும் என்பதை அவரே அந்தப் புத்தகத்தில் வேலையில்லாதவர்களோட நிலைமையோட சேர்த்துத்தான் பேசறார். அதனால தைரியமா படிக்கலாம்.

முகாமில் ஒரு நாள் முடியவே முடியாது போல இழுக்கும், ஆனா ஒரு வாரம் சட்டுன்னு ஓடிப் போயிருக்கும் என்கிறார். ஸ்டடி லீவ்ல நமக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு இல்லையா?

அவர் சொல்ற ஒரு சம்பவம். கூட இருந்த கைதி ஒருத்தர், இசையமைப்பாளர். தனக்கு எப்போ போர் முடியும்னு கனவுல கேட்டாராம். மார்ச் 30 என்று பதில் வந்துச்சாம். உற்சாகமா இருந்தார். நாள் நெருங்குச்சு, போர் முடியற அறிகுறியே இல்லை. மார்ச் 29-ல் காய்ச்சல். 30-ல் நினைவு தப்பிடுச்சு. 31-ல் இறந்துட்டார். காரணம் டைஃபஸ் காய்ச்சல். ஆனா ஏமாற்றம் உடம்போட எதிர்ப்புச் சக்தியை உடைச்சதுதான் உண்மையான காரணம் என்று ஃபிராங்க்ல் நினைக்கிறார்.

அப்போ நம்பிக்கையே வேண்டாம்னு அர்த்தமா? இல்லை. ஃபிராங்க்ல் தன்னோட எழுத்துப் பிரதியை முகாமில் பறிகொடுத்தவர். காய்ச்சலோட கிடந்தப்போ கிடைச்ச துண்டுக் காகிதங்கள்ல அதைத் திரும்பக் குறிச்சு வெச்சார். இசையமைப்பாளரோட நம்பிக்கை ஒரு தேதி மேல இருந்துச்சு. இவரோட நம்பிக்கை ஒரு வேலை மேல இருந்துச்சு. தேதி நம்ம கையில இல்லை. இந்த வித்தியாசம் எனக்குப் போதுமானதா இருந்துச்சு.

5. எப்படிப் படிக்கணும்?

இந்த மாதிரிப் புத்தகம் எது கையில கிடைச்சாலும் நாலு கேள்வியோட படிங்க.

ஒண்ணு, இங்கே எது முடிஞ்சிருக்கு?
ரெண்டு, நடுவுல நிக்கிறவங்களுக்கு முடிவுத் தேதி தெரியுமா, தெரியாதா?
மூணு, கூட யார் இருக்காங்க?
நாலு, அவங்களோட ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் எப்படிப் போகுது?

முகாண்டா பையன்களுக்கு அடுத்து எங்கே போவோம்னு தெரியும், துணை உண்டு. மரியந்தால் ஆண்களுக்குத் தேதியும் இல்லை, செவ்வாய்க்கிழமையும் இல்லை. டர்னருக்குத் தேதி இல்லை, ஆனா குடும்பமும் ஒரு நூலகமும் இருந்துச்சு. இப்படி ஒரு டேபிள் போட்டுப் பார்த்தா, யார் ஏன் தாங்கினாங்க, யார் ஏன் நொறுங்கினாங்கன்னு ஓரளவு பிடிபடும்.

இப்ப அந்தத் தண்ணீருக்கு வருவோம். உவமை அழகா இருக்கு, ஆனா ஒரு இடத்துல உடையுது. அடுப்பு எரிஞ்சா தண்ணீர் கண்டிப்பா நீராவி ஆகும். மனுஷனுக்கு அந்த கேரண்டி கிடையாது. மரியந்தால்ல அடுப்பே அணைஞ்சு போச்சு. மீட்டர் நகராம நிக்கிறப்போ, உள்ளே வெப்பம் போகுதா இல்லையான்னு வெளியிலிருந்து பார்த்தா தெரியாது. நாமதான் குனிஞ்சு அடுப்பைப் பார்க்கணும்.

இதை எழுதறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி அப்பாவுக்கு போன் பண்ணேன்.

"மெயில் வந்துச்சா கண்ணு?"

"இல்லீங்கப்பா, இன்னும் வரலீங்க. நீங்க இந்நேரத்துக்கு வீட்ல இருக்கீங்க?"

"ஒரு தறி நின்னிருக்குது சாமி. பாவு தீந்துபோச்சு. பிணைச்சிட்டிருக்கறாங்க. அதான் ஒரு வாய் டீ குடிக்க வந்தேன்."

தறி தெரியாதவங்களுக்கு: நீளவாக்குல ஓடுற நூல்தான் பாவு. அது தீர்ந்ததும் பழைய பாவோட மிச்ச நூலைப் பிடுங்கி எறிய மாட்டாங்க. அச்சுலயும் விழுதுலயும் அது அப்படியே கோர்த்து இருக்கும். புதுப் பாவோட ஒவ்வொரு இழையையும் அந்தப் பழைய இழையோட முனையில ஒண்ணொண்ணா சேர்ப்பாங்க. ஆயிரக்கணக்கான இழை. பழசை அறுத்துட்டா எல்லாத்தையும் முதல்லேர்ந்து கோர்க்கணும். அப்பாவுக்கு மீட்டர் கணக்குல கூலி. பிணைக்கிற நேரத்துக்கு ஒரு மீட்டர் கூட ஓடாது, அதனால அந்தத் தறிக்குக் கூலியும் இல்லை.

"அப்ப இன்னைக்கு நஷ்டமாப்பா?"

"நஷ்டம்தான். அதுக்காக அவசரப்படுத்தினா நாளைக்கு இழை இழையா அறுந்துட்டு நிக்கும். அது பெரிய நஷ்டம்."

அப்பா எனக்காக ஒண்ணும் அட்வைஸ் பண்ணலை. தறியைப் பத்தித்தான் பேசினார். ஆனா போனை வெச்சதும் என் பழைய லிஸ்டைக் கிழிச்சுட்டு, யஹோடாவோட அஞ்சையும் எழுதி, எதிர்ல என் பதிலை எழுதினேன். கால ஒழுங்கு: காலையில எட்டே முக்காலுக்கு மேஜையில உட்காரணும், காலேஜ் முடிஞ்சாலும். செயல்: அப்பா தறிக்கூடத்துக் கூலிக் கணக்கைத் தினமும் நானே எழுதறது. சமூகத்தில் இடம்: இது காலியாத்தான் இருக்கு, அத்தை கேட்டா "தேதி வரலைங்க அத்தை"ன்னு உண்மையைச் சொல்லிடறது. மனுஷங்களும் நோக்கமும்: என் ரூம்மேட் ரெண்டு பேரும் நானும் ஒரு முடிவு பண்ணியிருக்கோம். காலேஜ் முடிஞ்சு ஆளுக்கொரு ஊருக்குப் போனாலும் சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு கால்ல சேர்ந்து ஒரு அத்தியாயம் படிக்கணும். பழைய இழையை அறுக்காம விடறது இது ஒண்ணுதான் இப்போதைக்கு என்னால முடிஞ்சது.

உங்க ஹோம்வொர்க்கும் இதேதான். அஞ்சு வரி எழுதுங்க. ஃபைனல் இயர் மட்டும் இல்லை. அரியர் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற தம்பி, லேட்டரல் என்ட்ரியில வந்து இன்னும் எந்த கேங்கிலும் சேராத தங்கச்சி, எல்லாரும் எழுதலாம். ஏதாவது ஒரு வரி காலியா இருந்தா பயப்படாதீங்க. எது காலின்னு தெரிஞ்சுக்கிறதுக்குத்தான் இந்தப் பாடமே.

என் தேதி வந்தா சொல்றேன். வரலைன்னாலும் சனிக்கிழமை ஒன்பது மணிக்கு இருப்பேன்.